மாடியில் மாட்டியிருந்த அப்பா

மாத்தளைப் பெரிய வீதியில் கொக்கோவும் மிளகும் வாங்கிக் குவிக்கிற கடை ஒன்று இருக்கிறது. அதன் மாடிக்கு நான் இரண்டு தடவை ஏறியிருக்கிறேன். இனி ஏற மாட்டேன். அந்தக் கடை வாசலில் வெயிலுக்கு ஒதுங்குவதைக்கூட விட்டுவிட்டேன்.

முதல் தடவை நானாகப் போகவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் போகச் சொன்னார். கடை முதலாளி எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டியில் இருக்கிறவர். அவருடைய மகன் கொழும்பில் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்து, மாடியில் மூட்டைகள் கிடந்த இடத்தைக் கூட்டிச் சுண்ணாம்பு அடித்து, தான் பிடித்த படங்களையும் தன் சிநேகிதர் ஒருவர் செய்த சிலைகளையும் வைத்துக் கண்காட்சி நடத்திக்கொண்டிருந்தார். "வாத்தியார்மார் எல்லாரும் ஒரு தரம் போய்த் தலையைக் காட்டிட்டு வாங்க. முதலாளி கேட்பார்" என்றார் பெரிய வாத்தியார். ஆக, நாங்கள் கலையைப் பார்க்கப் போகவில்லை. தலையைக் காட்டப் போனோம்.

நான் இரத்தோட்டைக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். அதனால் பட்டணத்துக்காரர் நடத்துகிற எதையும் அடக்கமாகப் பார்க்க வேண்டும், பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அப்போது எனக்குள் பலமாக இருந்தது. கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு போனேன்.

மாடிப்படி முழுக்க ஊறின கொக்கோ வாசனை. மேலே வெள்ளைச் சுவரில் வரிசையாகப் படங்கள். ஆற்றில் யானை குளிக்கிறது. வஹகோட்டைத் திருவிழாவில் குடை பிடித்த கூட்டம். பல்லேகமப் பக்கத்தில் களத்து நெற்கதிரில் சூடு மிதிக்கிற மாடுகள். நன்றாகத்தான் இருந்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் இங்கிலீஷில் ஒரு சீட்டு. தமிழில் ஒரு எழுத்துக்கூட இல்லை. கீழே கடையில் மிளகு நிறுக்கிற தராசுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிற "கடன் கேளாதீர்" மட்டும் தமிழில் இருந்தது.

நடுச்சுவரில் தனியாக ஒரு பெரிய படம். பக்கத்தில் கொழும்பில் முதற் பரிசு வாங்கியதாக ஒரு தங்கக்கரை அட்டை.

அது எங்கள் அப்பா.

செத்துப்போன எங்கள் அப்பா. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. இரண்டு கையும் மடியில் சேர்ந்திருந்தன. கீழே இருந்த சீட்டை வாசித்தேன். "தியானத்தில் ஒரு முதிய தொழிலாளி" என்று எழுதியிருந்தது.

இதை விளங்கிக்கொள்ள, போன வருஷம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அப்பா நெஞ்சுச்சளியில் கிடந்து இறந்தார். அன்றைக்கு இந்தப் படக்காரர் எங்கள் தோட்டத்துக்குத்தான் வந்திருந்தார், தொரையின் பங்களா ரோஜாத் தோட்டத்தைப் படம் பிடிக்க. எங்கள் லயத்தில் செத்தவர் படம் சுவரில் தொங்குகிற வீடு கங்காணி வீடு ஒன்றுதான். உயிரோடு இருக்கும்போது யாரும் படம் பிடித்துக்கொள்வதில்லை, ஆயுசு குறையும் என்று பயம். செத்த பிறகு நாற்காலியில் தூக்கி உட்காரவைத்து ஒன்று எடுப்பார்கள், வசதி இருந்தால். நான் பங்களாவுக்கு ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டேன். அவரும் தயங்காமல் வந்தார். கேட்ட காசைக் கையிலேயே கொடுத்தோம்.

அப்பாவுக்கு இருந்தது ஒரு கம்பளியும் நாலு வேட்டியும். "சாகும்போதாவது மனுஷன் மரியாதையா இருக்கட்டும், உன் கோட்டைப் போட்டு எடுக்கலாம்" என்றாள் அம்மா. என் கோட் என்பது பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகிற ஒரே கோட். அப்பாவின் கை அதற்குள் விறைத்துவிட்டது. நுழையவில்லை. சித்தப்பா கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டின் முதுகைக் கழுத்திலிருந்து கீழே வரைக்கும் வெட்டித் திறந்தார். முன்பக்கமாக மாட்டி, பின்னால் செருகிவிட்டோம். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "அந்தக் கட்டுகளை மட்டும் கொஞ்சம் அவிழ்த்துட்டா நல்லா இருக்கும்" என்றார். தாடையைச் சேர்த்துத் தலைக்கு மேலே முடிந்திருந்த வெள்ளைத் துணியையும், கைக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த கிழிசலையும்தான் சொன்னார். இரண்டும் அம்மா கட்டினவை, கைக்கட்டு கோட்டை மாட்டின பிறகு.

"அதை அவுக்கக் கூடாதுங்க" என்றாள் அம்மா.

"ஒரு நிமிஷம்தானே அம்மா."

"ஒரு நிமிஷமும் இல்லீங்க. நீங்க கட்டோடயே பிடிங்க."

கட்டோடு பிடித்தார். பிறகு அப்பாவைக் கிடத்தி, கோட்டைக் கழற்றி, கோடித் துணி போர்த்திக் கொண்டுபோய்ப் புதைத்தோம். பிணத்தின்மேல் பட்ட துணி வண்ணாருக்குப் போகும், வீட்டுக்குத் திரும்பாது. அத்தை அதைச் சொல்லிச் சத்தம் போட்டாள். "செத்தவன் மேல போட்டதத் திருப்பி எடுக்கிறியே, நீ மனுஷியா?"

"எடுக்கலேன்னா புள்ள என்னத்தப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறது? நீ தச்சுக் குடுப்பியா?" என்றாள் அம்மா. அத்தை அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை.

அம்மா கோட்டை மஞ்சள் தண்ணீரில் அலசி, சாக்குத் தைக்கிற நூலால் முதுகைத் தைத்தாள். காரியம் முடிந்து நான் அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கோட் இல்லாமல் வகுப்புக்குள் கால் வைக்கக் கூடாது என்பது பெரிய வாத்தியார் சட்டம். முதுகுத் தையலை மறைக்க ஒரு சால்வையை எப்போதும் தோளில் போட்டுக்கொண்டேன். "என்ன வாத்தியார், மாப்பிள்ளை மாதிரி எந்நேரமும் சால்வை?" என்று மற்ற வாத்தியார்கள் கேலி செய்வார்கள். சிரித்துவைப்பேன்.

படத்தைக் கேட்டு நான் மாத்தளைக்கு வந்தபோது படக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "படம் பதியிற கண்ணாடிப் பிளேட்டில ஈரம் பட்டுக் கெட்டுப்போச்சு தம்பி. மழை நாள் பார்த்தியா? என்ன செய்றது?" நான் நம்பினேன். படித்தவர் பொய் சொல்ல மாட்டார் என்று நினைக்கிற புத்தி எனக்கு. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "சரி விடு. அவரு மொகம் எனக்குத் தெரியும். உன் புள்ளைங்களுக்குத்தான் தெரியாமப் போகும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தெவசம் நெருங்கினபோது மட்டும், விளக்கு வைக்கிற பலகைக்கு மேலே சுவரைச் சாணி போட்டு மெழுகிவிட்டு, அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தத் தெவசம் வருகிற திங்கட்கிழமை. படம் இங்கே மாடியில் தொங்குகிறது. ஈரம் பட்ட பிளேட்டாம்!

கட்டுகளைக் காணவில்லை. பென்சிலால் தீட்டி அழித்திருந்தார். தாடைக்கட்டு இருந்த இடத்தில் நரைமயிர் வரைந்திருந்தார். கட்டைவிரல் கட்டு போய், விரல்கள் தாமாகக் கோத்துக்கொண்ட மாதிரி இருந்தன. தியானம் அங்கிருந்துதான் வந்தது. கூடவே படத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தூண்மேல் சுண்ணச்சாந்தில் செய்த தலை ஒன்று, அவர் சிநேகிதர் அந்தப் படத்தைப் பார்த்தே செய்தது. அதில் கண்ணைத் திறந்துவிட்டிருந்தார்கள். அப்பாவின் மூக்கு, அப்பாவின் நெற்றி, யாருடையதோ கண்.

படக்காரர் பட்டுச்சால்வையோடு நின்றுகொண்டிருந்தார். போய், "ஐயா, இது எங்க அப்பா" என்றேன்.

"யாரு?"

"போன வருஷம் தோட்டத்துல நீங்க பிடிச்சது. பிளேட் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே."

அவர் முகம் ஒரு கணம் மாறிற்று, உடனே சிரிப்பு வந்தது. "தம்பி, இது வேறொரு கிழவர். நான் பத்துத் தோட்டத்துல படம் பிடிச்சிருக்கேன். உங்க ஆட்கள் எல்லாரும் ஒரே அச்சுதானே? கறுத்த முகம், ஒட்டின கன்னம். உனக்கு அப்பா மாதிரித் தெரியுது. தெரியட்டும், நல்லதுதான். கலைன்னா அப்படித்தான் இருக்கணும்."

"இவர் செத்தவர் ஐயா."

"மெதுவாப் பேசு" என்றார். சிரிப்பு போய்விட்டது. "இது விற்றுப்போன படம். உங்க தொரையோட சம்சாரம், பங்களா அம்மா வாங்கிட்டாங்க. சனிக்கிழமை கண்காட்சி முடிஞ்சதும் கட்டிக் கப்பல்ல சீமைக்குப் போகுது. நீ வாத்தியார் வேலைதானே பார்க்கிறே? எங்க அப்பா கமிட்டியில இருக்கார், தெரியும்ல? போய் வேலையைப் பார்."

பெரிய வாத்தியார் தூரத்திலிருந்து என்னை முறைத்தார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

இரத்தோட்டை பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். கப்பல் ஏறிவிட்டால் முடிந்தது. அம்மா சுவரில் மாட்ட இந்த உலகத்தில் இருக்கிற ஒரே முகம் ஏதோ ஒரு வெள்ளைக்காரி வீட்டுச் சாப்பாட்டு அறையில் தொங்கும். அவர் என் அப்பா என்பதற்கு என்னிடம் என்ன அத்தாட்சி? சித்தப்பா சொன்னால் பட்டணத்தில் யார் கேட்பார்கள்? அம்மா சொன்னால் "அழுகிற கிழவி" என்பார்கள். அத்தாட்சி ஒன்றுதான் இருந்தது. அதை நான் போட்டுக்கொண்டிருந்தேன். படத்தில் கோட்டின் மூன்றாவது பொத்தான் வெள்ளை, மற்றவை கறுப்பு. கறுப்புப் பொத்தான் விழுந்து தொலைந்ததால் அம்மா சிப்பிப் பொத்தான் வைத்துத் தைத்தது. கோட்டைக் காட்டினால் படம் யாருடையது என்று தெரியும். அதோடு, பிணத்துக்குப் போட்டதைக் கழற்றி நான் ஒரு வருஷமாகப் போட்டுத் திரிகிறேன் என்பதும் ஊருக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"கோட்டக் காட்டினா வேல போகுமா?"

"போகலாம்மா."

"போனா என்ன? மலையில கொழுந்து இல்லாமலா போச்சு?" என்றாள். பிறகு, "வேல போறதப்பத்தி உனக்குப் பயமில்ல. சீன்னு சொல்லுவாங்களே, அதுக்குத்தான் பயம்" என்றாள். அம்மாவிடம் எதையும் மறைத்து ஜெயிக்க முடியாது.

சனிக்கிழமை போனேன். கடைசி நாள், மாடி நிறைந்திருந்தது. கோயில் தர்மகர்த்தாக்கள், கோர்ட்டில் வழக்குப் பேசுகிற புறக்டர்மார், வாத்தியார்கள். பங்களா அம்மா தன் படத்துக்கு முன்னால் நின்று, கூட வந்தவர்களிடம் எதையோ விவரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளைப் பாருங்கள், என்ன அமைதி, இந்த மக்கள் எவ்வளவு நிம்மதியானவர்கள். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் விளங்கும்.

நேராகப் போய் அவருக்கு முன்னால் நின்றேன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த இங்கிலீஷில், "அம்மணி, இவர் என் தகப்பனார். இந்தப் படத்தில் இவர் இறந்திருக்கிறார்" என்றேன்.

படக்காரர் பாய்ந்து வந்தார். "பைத்தியம் அம்மா இவன்" என்று அவரிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, என்னிடம் தமிழில், "ஏய், இறங்குடா கீழே" என்றார்.

"பொத்தானைப் பாருங்க" என்றேன். சால்வையை எடுத்துவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் நின்றேன். "அதுல மூணாவது வெள்ளை. இதுல மூணாவது வெள்ளை."

ஆட்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். புறக்டர் ஒருவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, "ஆமாமா, அதே பொத்தான்தான்" என்றார்.

"வெள்ளைப் பொத்தான் ஊர் முழுக்க இருக்கு. எந்தத் தையற்காரன்கிட்ட வேணும்னாலும் வாங்கலாம்" என்றார் படக்காரர்.

அப்போது கோட்டைக் கழற்றினேன். திருப்பி, முதுகைத் தூக்கிப் பிடித்தேன். கழுத்திலிருந்து கீழே வரைக்கும் சாக்கு நூல் தையல், பூரான் ஊர்கிற மாதிரி.

"இது ஏன் இப்படி இருக்குன்னு இங்க இருக்கிறவங்களுக்கே தெரியும்" என்றேன். "விறைச்ச கையில கோட் நுழையாது. முதுக வெட்டித்தான் போடணும். கையில கட்டு இருந்துச்சு, தாடையில கட்டு இருந்துச்சு. அத அழிச்சிட்டு இவர் தியானம்னு எழுதியிருக்கார். பிளேட் கெட்டுப்போச்சுன்னு எங்கம்மாகிட்ட பொய் சொல்லியிருக்கார்."

பின்னாலிருந்து ஒருத்தர், மெதுவாகத்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்க, "சீ, பொணத்துக்குப் போட்டதையா இவன் போட்டுக்கிட்டுத் திரியறான்?" என்றார். உடனே கூட்டம் இரண்டடி நகர்ந்தது. என்னோடு ஒரே மேசையில் சோற்றுப்பொட்டலம் பிரிக்கிற வாத்தியார் ஒருவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பெரிய வாத்தியார் அன்று காலையில் என் தோளில் தட்டியிருந்தார். இப்போது கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

படக்காரர் பொய் சொன்னதைப் பற்றி ஒரு ஆள் வாய் திறக்கவில்லை. அதை எழுதி வைக்கத்தான் இதை எழுதுகிறேன். அவர் பொய் அங்கே யாருக்கும் நாறவில்லை. என் கோட் நாறியது.

பங்களா அம்மாவுக்கு யாரோ விவரத்தைச் சொன்னார்கள். அவர் படத்தை ஒரு தடவை பார்த்தார், கையுறை போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "பிணமா? சாப்பாட்டு அறையில் பிணத்தையா மாட்டச் சொன்னீர்கள்?" என்று படக்காரரைக் கேட்டுவிட்டு, படி இறங்கிப் போய்விட்டார். கூட வந்தவர்களும் போனார்கள். தர்மகர்த்தா ஒருவர் கோயிலுக்குப் போகிற வழியில் வந்திருந்தாராம். "இனி குளிச்சிட்டில்ல போகணும்" என்று திட்டிக்கொண்டே இறங்கினார்.

மாடி காலியாயிற்று. படக்காரர் ஒரு பழைய பத்திரிகைத் தாளைக் கையில் சுற்றிக்கொண்டு, சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றி, என் காலடியில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போ. தீட்டுப் பிடிச்ச பொருள் என் சுவத்துல வேணாம்."

"பிளேட்?"

"அதையும் எடுத்துட்டுப் போ! எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய்த் தொலை!" உள்ளே போய்க் கண்ணாடிப் பிளேட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதையும் தாளில் சுற்றித்தான். போன வருஷம் அந்தக் கையால்தான் அப்பாவின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அப்போது தாள் தேவைப்படவில்லை.

அவருடைய சிநேகிதர் சாந்துத் தலையைச் சாக்கால் மூடி மூலையில் வைத்தார். அதை நான் கேட்கவில்லை. அது எங்கள் அப்பா இல்லை. இப்போது அதற்குத் தாடி வைத்துவிட்டாராம். யாரோ முனிவர் என்று பேராம்.

கோட்டைப் போட்டுக்கொண்டேன். படத்தைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். அதற்குள் சேதி பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டது. என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நல்லதாகப் போயிற்று, பிளேட்டை வைக்க இடம் கிடைத்தது.

திங்கட்கிழமை தெவசத்துக்கு அம்மா படத்தைச் சுவரில் மாட்டினாள். மாலை போட்டாள். திருநீறும் சந்தனமும் கண்ணாடிமேல் வைத்தாள். பிறகு விளக்கைத் தூக்கிக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"நான் கட்டின கட்டு எங்கடா?"

"அழிச்சிட்டாங்கம்மா."

"அதையுமா?" என்றாள். விளக்கை அந்தக் கைகளுக்கு நேரே நகர்த்தினாள். "உங்கப்பா இப்படிக் கைய மடியில வச்சிக்கிட்டு சும்மா உக்காந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்குப் போகாத நாள்லகூட வாசல்ல புல்லுப் புடுங்கிக்கிட்டு இருப்பாரு." பிறகு, "இருக்கட்டும். மொகம் அவருதான்" என்று விளக்கைக் கீழே வைத்தாள். அத்தை வரவில்லை.

வேலை போகவில்லை. என்னை அனுப்பினால் ஏன் அனுப்பினோம் என்று ஊர் கேட்கும். கேட்டால் படக்காரர் கதை கிளம்பும். ஆகையால் கமிட்டி வாயை மூடிக்கொண்டது. பெரிய வாத்தியார் மட்டும் ஒரு நாள் கூப்பிட்டு, "வேறொரு கோட் வாங்கிக்கொள்ளக் கூடாதா? வேண்டுமானால் என்னுடைய பழையது ஒன்று இருக்கிறது" என்றார்.

"இது போதும் ஐயா" என்றேன்.

வாத்தியார்கள் அறையில் கோட் மாட்டுகிற ஆணிகள் ஐந்து. என் ஆணிக்கு இரண்டு பக்கத்து ஆணிகளும் இப்போது எப்போதும் காலி. சால்வை போடுவதை நிறுத்திவிட்டேன். கரும்பலகையில் எழுதத் திரும்பும்போது பிள்ளைகளுக்குத் தையல் முழுக்கத் தெரியும். கடைத்தெருவில் படக்காரர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கத்துக்கு மாறிப் போகிறார். முதுகு நன்றாகத் தெரிகிற மாதிரி மெதுவாக நடக்கிறேன்.